நாலாம் மாடியில் நாங்கள் வளர்ந்த வரலாறு

எழுத்தாளர்கள் பிறக்கிறார்கள் என்பது மகப்பேறு மருத்துவமனைகள் கிளப்பிவிட்ட வதந்தி. உண்மையில் அவர்கள் தயாரிக்கப்படுகிறார்கள். தயாரிக்கும் இடம்: கல்லூரியின் பழைய கட்டடம், நாலாவது மாடி, அறை எண் 412. நேரம்: செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை. காலம்: பதினாலு வாரம். அதற்குள் தயாராகாதவர்கள் மறுபடியும் சேர்ந்துகொள்ளலாம்; தடை ஏதும் இல்லை.

நான் அங்கே தயாரானவன். 'படைப்பெழுத்துச் சான்றிதழ்ப் படிப்பில்' முதலிடம் பெற்றவன் என்ற தகுதியில், அடுத்த வருடச் சேர்க்கைக் கையேட்டுக்கு "ஒரு பக்கத்துக்கு மிகாமல்" பாராட்டுரை ஒன்று எழுதித் தரும்படி கல்லூரி அலுவலகம் என்னைக் கேட்டிருக்கிறது. ஒரு விஷயத்தை ஒரு பக்கத்தில் சொல்வது எப்படி என்பது எனக்கு முன்பு தெரியும். இந்தப் படிப்பில் அது சரியாகிவிட்டது. ஆகவே சற்று நீளும்.

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் இருபத்துமூன்று வருடமாகப் பதில் கடிதம் எழுதுகிறவன் நான். 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே செய்தியை முந்நூறு விதமாக எழுதியிருக்கிறேன். படிப்பில் சேரப் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்டாள்:

"ஏங்க, வராத தண்ணியை வரும் வரும்னு இத்தனை வருஷமா எழுதறீங்க. கற்பனைக்கு இன்னும் பயிற்சி வேற வேணுமா?"

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் நாலு மாடியும் ஏறித்தான் போனேன். லிஃப்ட் இருந்தது. அதன்மேல் 'லிஃப்ட் பழுது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஓர் அட்டையும் இருந்தது. காலப்போக்கில் அட்டையும் பாதி கிழிந்து, 'வருந்துகிறோம்' மட்டும் மிஞ்சியிருந்தது. இலக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் அமையாது.

எங்கள் பேராசிரியர் பெரிய மனிதர். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு நாவல் எழுதினார். இரண்டாவது நாவல் இப்போது நாற்பத்தோராம் வரைவில் இருக்கிறது. அறைக் கதவில் அவர் ஒரு 'வளர்ச்சி அட்டவணை' ஒட்டியிருந்தார். குழந்தைகளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைப்போமே, அதே ஏற்பாடு. ஒரு வரைவு எழுதினால் விதை. மூன்று எழுதினால் முளை. ஏழுக்குச் செடி. பன்னிரண்டைத் தொட்டால் மரம். பெயருக்கு எதிரே அந்தந்தப் படத்தை ஒட்டுவார். என்ன எழுதினோம் என்பதற்கு அட்டவணையில் இடம் இல்லை. எத்தனை தடவை எழுதினோம் என்பதே கணக்கு. இந்தக் கணக்குப்படி பேராசிரியர் ஒரு வனம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி; அதன் பெயர் 'மௌன நாற்காலி'. யாருடைய எழுத்தை விவாதிக்கிறோமோ அவர் அதில் உட்கார வேண்டும். விவாதம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. தன் எழுத்தைப் பற்றி எழுதியவனுக்கு என்ன தெரியும் என்பது எங்கள் கொள்கை.

அந்த வருடம் சேர்ந்தவர்கள் பதினோரு பேர். எல்லாரையும் சொல்லி என்ன ஆகப்போகிறது? இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் பல் டாக்டரம்மா. அவர் கதைகளில் யாராவது செத்தே ஆக வேண்டும். முதல் வாரக் கதையில் ஒரு குடும்பமே காலி. இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பது வயது, கை நிறையத் தழும்பு, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர்.

வந்ததும் வராததுமாக அவர் எழுந்து நின்று, "சார், கீழ லிஃப்ட் நிக்குது. பெரிய வேலையா இருக்காதுன்னு தோணுது. ஒரு அரை மணி நேரம் குடுத்தீங்கன்னா பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்.

பேராசிரியர் கண்ணை மூடித் திறந்தார். "உட்காருங்கள். இந்த அறைக்குள் நீங்கள் மெக்கானிக் இல்லை, எழுத்தாளர். பழுதானதைச் சரிசெய்வது எழுத்தாளன் வேலை இல்லை. அதை உற்றுப் பார்ப்பதுதான் அவன் வேலை."

"உத்துப் பார்த்தாச்சு சார். அதான் சொல்றேன்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. மெக்கானிக் உட்கார்ந்துவிட்டார்.

அவர் எதற்கு வந்தார் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். அவருக்கு ஒரே மகள். படித்து முடித்ததும், "நானும் உங்ககூட லிஃப்ட் வேலைக்கு வர்றேன்பா" என்றிருக்கிறாள். அவர், கூட வேலை செய்கிற எட்டுப் பேர் முன்னால், "உனக்கெல்லாம் இது வராது, ரெண்டு நாள்ல அழுதுட்டு ஓடிடுவே" என்று சிரித்திருக்கிறார். எட்டுப் பேரும் சிரித்திருக்கிறார்கள். மகள் அன்றைக்கே வேறு ஊருக்குப் போய், வேறு கம்பெனியில் அதே வேலையில் சேர்ந்துவிட்டாள். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை, போனை எடுப்பதில்லை.

"மூணு மாசத்துல வெளிநாட்டுக்குப் போறாளாம் சார். அஞ்சு வருஷ வேலையாம். அவ கம்பெனி ஸ்டோர் கீப்பர்தான் சொன்னாரு. அதுக்குள்ள ஒரு லெட்டர் எழுதிடணும். ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். சரியா இருக்கான்னு தெரியலை. படிச்சவங்க நாலு பேரு பார்த்துச் சொன்னா..."

"அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்!" என்றார் பேராசிரியர்.

அந்த முதல் வரைவை அப்படியே கீழே தருகிறேன். பயிற்சி பெறாத ஒருவர் எப்படி எழுதுவார் என்பதற்கு நல்ல உதாரணம்:

'பாப்பா, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் சொன்னது தப்பு.
இப்ப நீ இருபத்திரண்டு மாடி பில்டிங்கைத் தனியாப் பார்த்துக்கறேன்னு கேள்விப்பட்டேன்.
அந்த எட்டுப் பேர்கிட்டயும் அதைப் போய்ச் சொல்லிட்டு வந்தேன்.
நீ கிளம்பறதுக்கு முன்னாடி உன்னை ஒரு தடவை பார்க்கணும். அப்பா.'

நாலு வரி. படித்து முடித்ததும் டாக்டரம்மா கைக்குட்டையைத் தேடினார். அவ்வளவு மோசம் என்று நான் புரிந்துகொண்டேன்.

பேராசிரியர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். "தந்தை நேரடியாக மன்னிப்புக் கேட்கிறார். அப்படிக் கேட்டுவிட்டால் வாசகருக்கு என்ன வேலை? சொல்லாதீர்கள். காட்டுங்கள்."

"காட்டறதுக்கு அவ எதிர்ல இருக்கணுமே சார்?"

"மௌன நாற்காலி!" என்று பத்துப் பேரும் ஒரே குரலில் ஞாபகப்படுத்தினோம்.

அன்று தொடங்கியது அவருடைய வளர்ச்சி. வாரத்துக்கு ஒரு வரைவு. மூன்றாவது வரைவுக்கு என் பங்களிப்பு உண்டு, அடக்கத்தோடு சொல்கிறேன். லிஃப்டின் கயிறு அறுந்து கூண்டு பாதாளத்தில் விழுவதாக ஒரு காட்சி வைத்தால், உறவு அறுந்ததற்கு அது 'குறியீடு' ஆகும் என்று ஓரத்தில் எழுதினேன். வகுப்பு முடிந்து படி இறங்கும்போது மெக்கானிக் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாது சார்."

"அது நிஜத்தில். இது இலக்கியம்."

"அவ படிச்சா சிரிப்பா சார்."

"மகளுக்காக எழுதாதீர்கள். காலத்துக்காக எழுதுங்கள்."

இதை நான் பேராசிரியரிடமிருந்து கற்றேன். பேராசிரியர் யாரிடம் கற்றாரோ தெரியாது; அவருக்கு மகள் இல்லை.

நாலாவது வரைவின் ஓரத்தில் டாக்டரம்மா எழுதினார்: 'அப்பா சாக வேண்டும். அப்போதுதான் கடிதத்துக்குக் கனம் வரும்.'

"நான் செத்துட்டா இதை யாரு தபால்ல போடறது டாக்டரம்மா?" என்றார் மெக்கானிக், இடைவேளையில்.

"அது வாசகர் யூகிக்கணும். நீங்க கவலைப்படாதீங்க, வலிக்காது."

ஆறாவது வரைவில் கதையை லிஃப்டே சொன்னது. எட்டாவதில், 'மகள்' என்ற சொல் பட்டவர்த்தனமாக இருக்கிறது என்று எல்லாரும் கருதியதால், 'அவள்' ஆனாள். ஒன்பதில் 'அது'. பதினொன்றாம் வரைவை முழுதாகத் தருகிறேன்: 'மேலே. கீழே. மேலே. கதவு.' வகுப்பு கைதட்டியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெக்கானிக் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. யாரு எழுதினது?" என்று கேட்டார்.

நானும் அதே வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தேன். மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று புகார் செய்த ஒருவருக்கு, 'குழாயின் மௌனத்தைச் சற்றே செவிமடுங்கள்' என்று பதில் எழுதினேன். மேலதிகாரி அதன் ஓரத்தில் பச்சை மையில், 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்டிருந்தார். எங்கள் அலுவலகத்தில் பச்சை மை மேலதிகாரிக்கு மட்டுமே உரியது. அதில் எழுதப்பட்டதற்கு அப்பீல் கிடையாது.

வீட்டில் மனைவி தினமும் ஒரே கேள்வி கேட்டாள். "அந்த மனுஷன் லெட்டர் போச்சா?"

"பத்தாவது வரைவு நடக்குது."

"எழுதுனது நாலு வரிதானே?"

"அது விதை. இப்போ செடி ஆயிடுச்சு."

"அந்தப் பொண்ணு ஃப்ளைட் ஏறினப்புறம் காய்க்குமா?"

பயிற்சி இல்லாதவர்கள் இப்படித்தான் நேரடியாகப் பேசுவார்கள்.

பன்னிரண்டாம் வாரம் மெக்கானிக் மரம் ஆனார். அட்டவணையில் படம் ஒட்டினார்கள். மகள் கிளம்ப ஒன்பது நாள்தான் இருந்தது. அன்று இரண்டாவது மாடித் திருப்பத்தில், எல்லாரும் நின்று மூச்சு வாங்குகிற இடத்தில், அவர் ஒரு தடித்த ஃபைலை என் கையில் வைத்தார்.

"சார், எனக்கு எது நல்லது எது கெட்டதுன்னு ஒண்ணும் புரியலை. முதல்ல புரிஞ்சுது. இப்ப இல்லை. நீங்க ஆபீஸ்ல லெட்டர் அனுப்பறவரு. இதுல எது சரியோ அதை எடுத்து நீங்களே அனுப்பிடுங்க. அட்ரஸ் மேலயே இருக்கு. பேராசிரியர்கிட்ட கேக்காதீங்க, அவரு பதிமூணாவது எழுதச் சொல்லுவாரு."

ஒரு மனிதர் தன் மகளையே நம்பி என்னிடம் ஒப்படைத்த மாதிரி இருந்தது. நெகிழ்ந்துபோனேன். மறுநாள் என் மேஜையில் உட்கார்ந்து, இருபத்துமூன்று வருட அனுபவத்தையும் திரட்டி அந்தக் கடிதத்தை அனுப்பினேன்.

அடுத்த வகுப்பில் மெக்கானிக் வாசலிலேயே காத்திருந்தார்.

"போயிடுச்சா சார்?"

"பதிவுத் தபாலில்."

"எதை அனுப்பினீங்க?"

"எல்லாவற்றையும்."

"எல்லாத்தையும்னா?"

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கடிதமும் தனியாகப் போகாது என்பதை அவருக்கு விளக்கினேன். வரைவுகள், அவற்றின்மேல் ஒவ்வொருவரும் எழுதிய குறிப்புகள், எல்லாம் சேர்ந்து ஃபைலாகத்தான் மேலே போகும். முடிவெடுக்கிறவருக்கு எதையும் மறைக்கக் கூடாது, அதுவே முறை. மேலே ஒரு முகப்புக் கடிதமும் வைத்திருந்தேன். 'பொருள்: மகள் – மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக. பார்வை: இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வாய்மொழித் தகராறு. இணைப்புகள்: பன்னிரண்டு. தங்கள் மேலான ஆணைக்காக.' பதில் வரவேண்டிய முகவரி: அறை எண் 412.

மெக்கானிக் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நாலாவது விரலில் நின்றார். "டாக்டரம்மா 'அப்பா சாகணும்'னு எழுதினாங்களே... அதுவுமா?"

"இணைப்பு நான்கு."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "பேசாம இருந்திருந்தா, அப்பன் திமிரு பிடிச்சவன்னு மட்டும்தான் நெனைச்சிருப்பா. இப்ப, பதினோரு பேரை வெச்சுக் கேலி பண்ணிட்டான்னு நெனைப்பா" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. அன்று அவர் கதையைப் பற்றிப் பேச்சு எதுவும் இல்லை. ஆனாலும் தானாகவே போய் மௌன நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் தவறு எதுவும் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். முறைப்படிதான் செய்தேன். இருந்தாலும் அந்த வாரம் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மகள் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை வகுப்பு. பேராசிரியர் பதிமூன்றாம் வரைவின் அவசியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஜன்னல் ஓர நாற்காலியில் வெளியே பார்த்தபடி இருந்தார். கல்லூரி பியூன் மூச்சு வாங்க உள்ளே வந்து, மேஜைமேல் ஒரு தடித்த உறையைப் போட்டார்.

"கீழ ஒருத்தங்க குடுத்தாங்க. மேல போய்க் குடுங்க, நான் வர்றேன்னு சொன்னாங்க. ஏறி வரச் சொன்னேன். எதுக்கு ஏறணும்னு கேட்டுட்டு, பையில இருந்து, லிஃப்ட்காரங்க வெச்சிருப்பாங்களே, அந்த முக்கோணச் சாவியை எடுக்கறாங்க. எனக்கென்ன, குடுத்துட்டேன்."

மெக்கானிக் தலை திரும்பியது. வாயைத் திறந்தார்.

"மௌனம்," என்றார் பேராசிரியர், உறையைப் பிரித்தபடி. "யாரோ வெளி வாசகர். நம் பன்னிரண்டு வரைவுகளுக்கும் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்லது, வாசிக்கிறேன்."

நான் எட்டிப் பார்த்தேன். என் ஃபைல்தான். குறிப்புகள் எல்லாம் பச்சை மையில் இருந்தன. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

பேராசிரியர் வாசித்தார். பதினொன்றாம் வரைவின் கீழே: 'ரெண்டு தடவை படிச்சேன். எங்க அப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?' ஏழாம் வரைவில், 'மகளின் கோபத்துக்கு வலுவான காரணம் இல்லை' என்ற பேராசிரியரின் குறிப்புக்கு எதிரே: 'நீங்க அந்த எட்டுப் பேர்ல ஒருத்தரா?' நாலாம் வரைவில், 'அப்பா சாக வேண்டும்' என்பதற்கு எதிரே ஒரே ஒரு சொல்: 'வேண்டாம்.' டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் வரைவின் குறிப்புதான் நீளம். 'கயிறு ஒண்ணு இல்லை, நாலு. நாலும் அறுந்தாலும் கூண்டு விழாது. அடியில இருக்கற பிடி ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கும். ஒன்பது வயசுல என்னை மெஷின் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் இதைச் சொல்லிக் குடுத்தவர் இப்படி எழுத மாட்டார். இது யார் கைவேலை?'

வகுப்பே என்னைப் பார்த்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கடைசியாக, முதல் வரைவு," என்றார் பேராசிரியர். அவர் முகம் சுருங்கியது. "இதில் ஒரு திருத்தமும் இல்லை. கீழே, 'இது போதும்' என்று மட்டும் இருக்கிறது. கூர்மையான வாசகர்தான். ஆனால் முதல் வரைவையே ஏற்றுக்கொள்வது பயிற்சியின்மையைக் காட்டுகிறது."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்குப் பின்னாலிருந்து, நீளமாக, தூங்கி எழுந்த ஏதோ சோம்பல் முறிப்பது போல. பதிமூன்று வாரமாக நாங்கள் கேட்டிராத சத்தம். மெக்கானிக் எழுந்து நின்றார். யாரும் 'மௌனம்' என்று சொல்லவில்லை.

லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. சாம்பல் நிற வேலைச் சட்டை போட்ட ஒரு பெண் வெளியே வந்து, எங்கள் வாசலில் நின்று, கையிலிருந்த எதையோ தூக்கிக் காட்டினாள். சாக்பீஸ் துண்டு.

"கீழ் மாடிக் கதவுப் பள்ளத்துல இது சிக்கியிருக்கு. கதவு முழுசா மூடலை. மூடாம எப்படி ஓடும்? ஏழு நிமிஷ வேலை. இத்தனை நாளா ஏறி எறங்கியிருக்கியேப்பா, உன் கண்ணுல படவே இல்லையா?"

"முதல் நாளே பட்டுச்சு பாப்பா. கை வைக்கக் கூடாதுன்னாங்க."

"வாயும் திறக்கக் கூடாதுன்னாங்களா?"

"ஆமா."

"இவங்களுக்குப் பயந்து உக்கார்ந்திருந்தியா? வீட்ல என்னை ஒரு வார்த்தை பேச விட்டிருப்பியா நீ?"

மெக்கானிக் ஏதோ சொல்லப் போனார். வரவில்லை. நாலு வரியில் ஒரு வரியாவது சொல்லலாம் என்று பார்த்தார் போலிருக்கிறது; அதுவும் வரவில்லை. கையை மட்டும் நீட்டினார். அவள் சாக்பீஸை அதில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"சரி, வா. சாப்பிட்டுட்டே பேசலாம். ரெண்டு நாள் இருக்கு. அந்த எட்டுப் பேரும் இன்னும் அங்கதான் வேலை பார்க்கறாங்களா?"

"பார்க்கறாங்க."

"நாளைக்கு அங்க போறோம்."

இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடும்போது மெக்கானிக், "கீழ கதவு கான்டாக்ட்டையும் துடைச்சியா?" என்று கேட்பதும், அவள், "ஆரம்பிச்சுட்டியா!" என்பதும் கேட்டது. அதோடு இறங்கிவிட்டார்கள்.

பிறகு பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "முடிவு நம்பும்படியாக இல்லை. மகள் திடீரென்று வந்து நிற்பது வெறும் தற்செயல். பதிமூன்றாம் வரைவில் அவள் வராமல் இருந்தால்?"

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்க இஷ்டத்துக்கு யாரும் வராம இருக்க மாட்டாங்க சார்" என்றார். அன்றிலிருந்து அவர் கதைகளில் யாரும் சாகவில்லை. அதனால் அவருக்கு மதிப்பெண் குறைந்தது.

படிப்பின் முடிவுகள் வந்தன. மெக்கானிக் கடைசி வகுப்புகளுக்கு வராததாலும், முதல் வரைவுக்கே திரும்பிப் போய்விட்டதாலும், தேறவில்லை. அட்டவணையில் அவர் மரத்தைக் கிழித்துவிட்டு மறுபடியும் விதையை ஒட்டினார்கள். முதலிடம் எனக்கு. சான்றிதழைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு, "இனிமே உங்ககிட்ட யாரும் லெட்டர் குடுத்துடாம இருக்கணும்" என்றாள்.

நிற்க. சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே 'லிஃப்ட் வசதி உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதாக அறிகிறேன். அது ஒன்றை மட்டும் நீக்கிவிடும்படி கல்லூரி நிர்வாகத்தைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அந்தச் சாக்பீஸையும் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள். நாலு மாடி ஏற வேண்டும் என்றால் பாதிப் பேர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நிற்பார்கள். பையில் இருக்கும் கடிதத்தை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்ப்பார்கள். அப்படியே திரும்பி இறங்கித் தபாலில் போட்டுவிடுவார்கள்.